கை மாறிய கட்டை

நனைந்த ஷூ வெள்ளையின் வாடை உங்களுக்குத் தெரியுமா? கான்வாஸ் ஷூவுக்குத் தண்ணீரில் குழைத்துப் பூசுவோமே, அந்த வெள்ளைக் கட்டியைச் சொல்கிறேன். காய்ந்திருக்கும்போது அதற்கு வாசனையே கிடையாது. மழையில் கரைந்து ஒழுகும்போதுதான், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரும் ஈரத் துணியும் கலந்தாற்போல் ஒன்று கிளம்பும்.

போன வாரம் என் மகள் ரோஸியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரிக்‌ஷாவில் பாதி வழி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் அறை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு குனிந்து பார்க்கிறேன், குழந்தையின் ஷூவிலிருந்து பால்போல் வழிந்து சிவப்புத் தரையில் இரண்டு சின்னக் குட்டை. முதல் நாளே தரையை அழுக்காக்கிவிட்டோமே, இதைப் பார்த்து இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் கூட இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

மேசைக்குப் பின்னால் கணக்கெழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, ஒரு அச்சுத் தாளை நீட்டினார். தமிழர்தான். ஆனாலும் இங்கிலீஷில்தான் பேசினார். "படிச்சுட்டு ஸைன் பண்ணுங்க, மிஸிஸ்" என்பதை அவர் அந்த மொழியில் சொன்னார். பன்னிரண்டு விதிகள். ஒன்பதாவது விதி, வாசலுக்கு உள்ளே மாணவிகள் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்றது.

இப்படி ஒரு தாளை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா. அது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.

'பிரெஞ்சா? பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அக்கம்பக்கத்தில் அப்போது எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அம்பாங் சாலையில் ஒரு மாடி வீட்டில், ரப்பர் கம்பெனி இஞ்சினியரின் விதவையான பிரெஞ்சுக்காரி ஒருத்தி சனிக்கிழமை மத்தியானங்களில் வகுப்பு நடத்தினாள். நாங்கள் மதாம் என்போம். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்களும் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள்தான். மதாமிடம் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கி வருகிற பெண்களில் ஒருத்தியைச் சின்ன வகுப்புக்கு டீச்சராக வைத்துக்கொள்வதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். தங்க இடமும் உண்டு. கூட்ஸ் ஆபீஸில் கிராணியாக இருந்த அப்பாவுக்கு அது போதும்.

ஆனால் சேருவது லேசில்லை. இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று மாதா கோயில் சாமியாரிடமிருந்து, மற்றது 'பதவியில் உள்ள கனவான்' ஒருவரிடமிருந்து. சாமியார் உடனே கொடுத்துவிட்டார். கனவானுக்காக அப்பா மூன்று நாள் துரையின் மேசைக்கு முன்னால் நின்றார். நாலாவது நாள் கடிதத்தோடு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இதுல என் பேரு இருக்கு. கெடுத்துடாதே" என்றார். அவர் என்னிடம் அதற்கு முன் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நல்ல மனிதர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடிதம் கொடுத்த பிறகு நடை. ஆமாம், நடந்து காட்ட வேண்டும். மதாம் மாடி வராந்தாவில் மடியில் மிமி என்கிற நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருப்பாள். நாம் கேட்டிலிருந்து படிக்கட்டு வரை நடக்க வேண்டும். ஷூ வெள்ளையாக இருக்க வேண்டும், காலுறை சுருங்கக் கூடாது, தலையில் எண்ணெய் வழியக் கூடாது, பூ கூடாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கலப்பு வம்சத்துச் சட்டைக்காரப் பிள்ளைகளும் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். எங்களைப்போல மற்றவர்களுக்கு நாலே இடம், அதுவும் கடைசி பெஞ்ச். லம்பம் என்கிற ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனர் ஒருவரின் மகள்கள் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கேட்டுக்கு வெளியே என் முறைக்காக நின்றபோது, பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். கையில் இரண்டு ஷூ. ஸ்டேஷனிலிருந்து அத்தனை தூரமும் வெறுங்காலில் வந்திருக்கிறாள், வெள்ளை அழுக்காகக் கூடாது என்று. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டினாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அப்படிப் பாக்காதடி, சிரிச்சுடுவேன். சிரிச்சா விழுந்துடுவேன்" என்றாள்.

அவள்தான் லூர்து. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். அம்மா இல்லை. கீழே மூன்று பேர். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, மாட்டு வண்டியில் கிள்ளானுக்கு வந்து ரயில் பிடிப்பாள். "ஒரு வருஷம் பாப்போம். பேரை அடிச்சுட்டாங்கன்னா நேரா வீட்டுக்கு வந்துடு, சின்னதுங்களை யார் பாக்கறது?" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். டீச்சரானால் கடைசித் தங்கையைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்வதாகத் திட்டம். கான்வென்ட் ஜன்னல்களில் எது தன் அறையாக இருக்கும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

இனி கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமலே முடித்துவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

மதாமின் வீட்டுக்குள் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும். அதைக் காவல் காக்க அவளிடம் ஒரு கட்டை இருந்தது. தாயக்கட்டை அளவு, கறுப்பு மரம், ஒரு முனையில் ஓட்டை, அதில் கயிறு. தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இப்படித்தான் என்று பெருமையாகச் சொல்வாள். வேறு மொழி பேசி மாட்டுகிறவள் கையில் அது வரும். அவள் இன்னொருத்தி பேசுவதைக் கேட்டு அவள் கையில் தள்ளிவிட வேண்டும். ஐந்து மணிக்கு மணியடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவளுக்கு ரெஜிஸ்டரில் ஒரு சிவப்புக் கோடு. ஒரு தவணையில் மூன்று கோடு விழுந்தால் பேரையே அடித்துவிடுவாள். மதாம் யாரையும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. நாங்களே கேட்டுக்கொண்டோம். பதினைந்து வயதில் எங்கள் காது எவ்வளவு கூர்மையாக இருந்தது தெரியுமா? பாடம் கேட்க அல்ல.

லூர்துவுக்குப் பாடம் தண்ணீர்பட்ட பாடு. அவள் பேரை மட்டும் மதாம், தன் நாட்டு ஊர்ப் பேர் என்பதால், ஆசையாக நீட்டிக் கூப்பிடுவாள். ஆனால் மூன்று மணிநேரம் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியாது. ஒரு நாள் பாடம் முடிகிற நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து நாய்க்குட்டியிடம், "என்னடா மிமி, உங்க வீட்டுல ஒருத்தரும் பேச மாட்டாங்களா? நீயாவது ஒரு வார்த்தை பேசுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தவளை ஒரு சட்டைக்காரப் பெண் பிடித்துவிட்டாள். நாயிடம் பேசினால் பேச்சாகுமா என்று வழக்கு மதாமிடம் போனது. மதாம் நாயைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஆகும் என்று தீர்ப்பு. அது முதல் கோடு. இரண்டாவது, படியில் கால் இடறி "அம்மா!" என்று கத்தியதற்கு. எனக்கும் இரண்டு கோடு விழுந்திருந்தது. என்னுடையவை சிரிக்கும்படி ஒன்றுமில்லை. நான் அப்போதும் சுவாரசியமில்லாதவள்தான்.

தவணை முடிய இன்னும் ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்றைக்கும் மழை. மதாம் கணக்குச் சொல்லி விடையைப் பிரெஞ்சில் எழுதச் சொன்னாள். விரல் விட்டு எண்ணும்போது மனுஷிக்கு எந்த மொழி வரும்? என் உதடு 'ஏழு, எட்டு' என்று முணுமுணுத்துவிட்டது. முன் பெஞ்சுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, கட்டையை என் மடியில் போட்டாள். லூர்து அப்போது கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

நாலரைக்கு இடைவேளை. நான் பின்வராந்தாவுக்குப் போய், எங்கள் சாப்பாட்டுக் கேரியர்களை வைக்கிற மூலையில் நின்றேன். பாக்கெட்டில் கட்டை. அப்பா, துரையின் மேசை, 'இதுல என் பேரு இருக்கு'. அழுகை வந்துவிட்டது. அது நிஜமான அழுகை. இதை உங்களுக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். எனக்குத் தெரியாதது வேறொன்று. பலகைத் தரையில் லூர்துவின் காலடிச் சத்தம் கேட்டது. கேட்ட பிறகு நான் அழுகையை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. கொஞ்சம் சத்தமாகவே அழுதேனோ? பத்து வருடத்துக்கு மேலாக இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் இல்லை என்று தோன்றும், மறுநாள் ஆம் என்று தோன்றும்.

ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "ஏன்டி அழுற? யாரு என்ன சொன்னா? வீட்டுல ஏதாச்சுமா?"

மூன்று கேள்வி, மூன்றும் தமிழில். ஒன்றே போதுமாக இருந்தது.

கட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக விரல்களை மூடிக்கொண்டாள்.

இன்னும் பதினைந்து நிமிடம் வகுப்பு நடந்தது. பக்கத்திலிருந்த சீனப் பெண்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து அவர்கள் மொழியில் ஏதோ கிசுகிசுத்தார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. லூர்துவுக்கும் கேட்டது. அவள் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. நான் மனசுக்குள் 'கொடுடி, கொடுடி' என்று கெஞ்சினேன். எழுந்து, அது என்னுடையது என்று சொல்ல மட்டும் கால் வரவில்லை.

மணியடித்தது. லூர்து கையைத் தூக்கினாள். மதாம் பெருமூச்சு விட்டாள், உண்மையிலேயே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அளவுகோலை வைத்து, கோணாமல், அந்தப் பேரின்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தாள்.

ஸ்டேஷன் வரைக்கும் அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். வழக்கமாக மழையென்றால் ஷூவைக் கழற்றிப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்வாள். அன்றைக்குப் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கி நடந்தாள். அவள் கால் பட்ட குட்டையெல்லாம் வெள்ளையாயிற்று. "ஷூ கெட்டுடும் லூர்து" என்று நான்தான் சொன்னேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்த்து, "கெடட்டும். இனி யாருக்கு நடந்து காட்டணும்?" என்றாள். கிள்ளான் ரயில் வந்தது. எப்போதும் "வரேன்டி" என்பவள், "போறேன்" என்று ஏறிவிட்டாள்.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. டீச்சர் வேலையும் கிடைத்தது. கல்யாணமாகும் வரை மூன்று வருடம், லூர்து பார்த்து வைத்திருந்த அந்த ஜன்னலுக்குப் பக்கத்து அறையில் இருந்தேன். அப்பா சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் இதுவரை படித்தது ஒரு முகப்பவுடர் டப்பாவின் மூடி. சிரியுங்கள், பரவாயில்லை.

அந்தத் தவணை விடுமுறையில் லூர்துவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பிக்கு அம்மை, தோட்டத்தில் காற்று, கோழி குஞ்சு பொரித்தது என்று என்னென்னவோ. கடைசி வரி மட்டும் எனக்கு மனப்பாடம். 'அன்னைக்கு நீ ஏன் அழுதேன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையேடி.' குத்திக் காட்டினாளா, உண்மையாகவே கேட்டாளா? கேட்கக்கூடியவள்தான். அதுதான் என்னைக் கொல்கிறது. பதில் எழுத உட்கார்ந்து ஏழெட்டுத் தாளைக் கிழித்தேன். எழுதவில்லை.

ரோஸி கைக்குழந்தையாக இருக்கும்போது, என் வீட்டுக்காரரை நச்சரித்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் குறைத்திருந்த சமயம். டிரஸ்ஸர் வீட்டில் வேறு குடும்பம். "அவங்கெல்லாம் ஊருக்குக் கப்பல் ஏறிட்டாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "பெரிய பொண்ணா? அவங்களும்தான். எந்த ஊருன்னு தெரியலியே." கொடியில் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மதாமும் ஊருக்குப் போய்விட்டாள். அந்த வீட்டின் கீழே இப்போது மோட்டார் டயர் விற்கிறார்கள். நாங்கள் நடந்து காட்டிய பாதையில் லோரி நிற்கிறது. வேலி இல்லை, படிக்கட்டு இல்லை. மரக்கட்டை எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. அது போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் அறையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ரோஸி என் முந்தானையை இழுத்தாள்.

"ஏம்மா அழுறீங்க?"

கிராணி தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். என் விரல் தானாகவே குழந்தையின் உதட்டின்மேல் போயிற்று. "இங்கிலீஷ், ரோஸி. இங்கிலீஷ்ல கேளு" என்றேன், மெதுவாக, அவர் காதில் விழாதபடி.

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். காலை வணக்கம் தெரியும், நன்றி தெரியும், வெளியே போகலாமா என்று கேட்கத் தெரியும். வாயைத் திறந்து தேடினாள். அதில் இந்தக் கேள்வி இல்லை. வாயை மூடிக்கொண்டு தன் ஷூவைப் பார்த்தாள்.

கையெழுத்துப் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது. வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ரிக்‌ஷாவில் வீடு வந்து சேரும் வரை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.