துருசு திறந்த காலை

தாமரை இலையும் சேறும் கலந்த ஒரு மணம்... வரிப்பத்தான்சேனைக் குளத்தை நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வரும்.

சுனாமியில் எங்கள் கல்முனை வீடு போன பிறகு, உம்மாவும் வாப்பாவும் முகாமில் இருக்க, உம்மாவின் தங்கை, என் சாச்சி, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனா. எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பக்கத்தில் குளம். ஊரார் மண் வெட்டிக் கட்டிய சின்னக் குளம். இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும்.

ஆனாலும் நான் கிட்டப் போகமாட்டேன். தண்ணீர் என்றாலே நடுக்கம்.

சாச்சியின் மகள் றிஸ்னாவுக்கு மூன்று வயது. தாமரைப் பூ வேண்டுமென்று அவள் அழுததால், ஒரு காலை அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறினேன்.

தண்ணீர் உள்ளே போயிருந்தது!

குளிக்கிற கல் முழுவதும் வெளியே. சேற்றில் சின்ன மீன்கள் துடித்தன. அன்றைக்குக் கடலும் இப்படி உள்ளே போய்த்தான் திரும்பி வந்தது...

"தண்ணி உள்ள போகுது! ஓடுங்க!"

றிஸ்னாவை இறுக்கிப் பிடித்துப் பள்ளிவாசல் வரை ஓடினேன். என் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

பின்னால் மூச்சிரைக்க வந்தவர் வட்டவிதானை. துருசு என்கிற மதகைத் திறந்து, வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் விடுகிறவர்.

"எங்க புள்ள ஓடுறா? தண்ணி வயலுக்குத்தான் போகுது. நான்தான் துருசத் திறந்து உட்டன்!"

"கல்முனைப் புள்ளையால என்ட சோறு கருகிப் போச்சுகா" என்று ஒருத்தி சிரித்தா. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் றிஸ்னாவை இறக்கவேயில்லை. அவளை இறுக்கிப் பிடித்திருந்த என் கையை வட்டவிதானை பார்த்தார். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், துருசு திறக்கும் முன் எங்கள் வேலியடியில் சைக்கிள் மணி கேட்கும்.

"மகள், தண்ணி திறக்கப் போறன். பயப்படாத, என்ன?"

"எவ்வளவு வத்தும்?"

"குளிக்கிற கல்லுத் தெரியும். அதுக்கு மேல வத்தினா நானும் உன்னோட ஓடுறன்."

அறுவடைக்கு முன்பே அந்தக் கல்லில் உட்கார்ந்து கால் நனைக்கத் தொடங்கிவிட்டேன்.

இப்போது மறுபடி கல்முனை. கடல் கேட்கும் தூரத்தில் புது வீடு. யுத்தமும் முடிந்துவிட்டது. "இனி என்ன பயம்?" என்கிறார் வாப்பா. "ஓம்" என்று தலையாட்டுகிறேன். எனக்குப் பயம் போகவில்லை என்று தெரிந்தால் உம்மாவும் உறங்கமாட்டா. அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு இதை எழுதுகிறேன்.

கடல் இரைந்துகொண்டே இருந்தால் பரவாயில்லை. சத்தம் கொஞ்சம் குறைந்தாலும், தண்ணீர் உள்ளே போகிறதோ என எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்... வேலியடியில் ஒரு சைக்கிள் மணி கேட்காதா என்று.