கூட ஒரு ஆள் கேட்டவர்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தியும் அவருடைய வேலையும் ஒரே போனில் எனக்கு வந்தன. மணமேல்குடி ஐஸ் கம்பெனி முதலாளிதான் பேசினார். "சவரிமுத்து தவறிட்டாருங்க. அமோனியா லீக்கு," என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "கம்ப்ரசர நிப்பாட்டி வச்சிருக்கேன். நீங்க எப்ப வாரீங்க?" என்று கேட்டார். நான் அப்போது குளத்தூர் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலையில் இருந்தேன்.

அவரோடு வேலை பார்த்த ஆபரேட்டர்களான உங்களுக்கு அண்ணன் சம்பளம் பேசும் விதம் தெரியும். அந்தக் கம்பெனிக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வேலை கேட்டுப் போனோம். முதலாளிக்கு வேண்டியது ஒரு ஆபரேட்டர். நல்ல சம்பளம் சொன்னார். வேலை அண்ணனுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணனோ சம்பளத்தைக் காதிலேயே வாங்காமல் கம்ப்ரசர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "கேஸ் கசிஞ்சு ஒத்த ஆளு உள்ள மயங்கி விழுந்தா யாருங்க இழுத்துப் போடுறது? ரெண்டு பேரா எடுங்க. சம்பளத்தை அப்புறம் பேசுவோம்," என்றார். தனக்குச் சொன்னதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். எனக்கு வேலை கிடைத்த கதை அதுதான்.

பிறகு இன்னொரு கம்பெனி அவரை இழுக்கப் பார்த்தது. காபி, முறுக்கு, கேட்டதற்கு மேல் சம்பளம். கூடப் போன எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வெளியே வந்து வண்டியை உதைத்த அண்ணன், "கேட்டதுக்கு மேல தாரேங்கிறான். அங்கிட்டு என்னமோ இருக்குப்பா," என்றார். போகவில்லை. அங்கே இருந்த ஆபரேட்டர்கள் பயந்துபோய்ச் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு மனைவியின் உடல்நிலைக்காக நான் குளத்தூர் வந்தேன். என் இடத்துக்கு முதலாளி ஆள் போடவில்லை. சில மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். குரலில் ஒரே குஷி. "ஒன் வேலையையும் நானே பாக்குறேன்னு, ஒன் சம்பளத்துல பாதிய எனக்குக் கேட்டேன்ப்பா. பேரமே இல்ல, ஒடனே சரின்னுட்டாரு." எதற்கும் உடனே சரி சொல்கிற மனிதரா அந்த முதலாளி? டீக்குச் சர்க்கரை போடவே யோசிக்கிறவர். "காசு வேணாம்ணே, ஆளைக் கேளுங்க," என்றேன். "பாப்பா நர்சிங் முடிக்கட்டும், அப்புறம் கேக்குறேன்," என்றார். அவர் மகள் இப்போது கடைசி வருடம் படிக்கிறாள்.

வால்வு கசிந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே ஐஸ் ஏற்ற வண்டிகள் நின்றன. உள்ளே அவர் மட்டும். கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தாராம். ஒருவர் கையைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். இதை எழுதும்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது.

அண்ணனை அடக்கம் செய்த ஆவூர்க் கல்லறையில் எல்லாவற்றையும்விடப் பெரிய மாலை முதலாளியுடையது. மண் போட்டுத் திரும்பும்போது என்னிடம் மறுபடி கேட்டார். "ரெண்டு ஆளா போட்டா வாரேங்க," என்றேன். "கட்டுப்படியாகாதுங்க. கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருத்தர், தனியாவே பாத்துக்கிறேன்னுட்டாரு. ஒண்ணாந்தேதி வாராரு," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ரெண்டு பேராக எடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையைத்தான். மகளுக்காக அவர் ஒரே ஒருமுறை அதைத் தளர்த்தினார். யாருக்காகவும் நான் தளர்த்தப்போவதில்லை. கந்தர்வக்கோட்டைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், ஒன்றாம் தேதிக்கு முன் என்னோடு பேசச் சொல்லுங்கள். அவர் கேட்ட சம்பளத்துக்கும் முதலாளி உடனே சரி சொல்லிவிட்டாராம்.