திருப்பிக் கொடுக்காத லைன் கிளியர்

கரண்ட் ஆபீஸ் வேலை, கரண்ட் இருக்கிறவரை யாருக்கும் ஞாபகம் வராத வேலை. மழைநாளில் போன் அடித்து அடித்து ஓய்ந்து, "கவர்மென்ட் சம்பளம், சங்கத் திமிரு" என்று திட்டியிருப்பீர்களே, அதில் பாதி எனக்கு வந்து சேர்ந்தது. கொடைக்கானலில் லைன் இன்ஸ்பெக்டராகவும் சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திட்ட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அடுக்கத்தில் ஒரு டீ

அடுக்கம் ரோட்டில் தைலமரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. லைன்மேன் ஆரோக்கியமும் நானும் போய்ச் சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. கொட்டுகிற மழையில் மரத்தில் ஏறி வெட்டியவர் அவர், கீழே நின்று பயந்தவன் நான். அந்த ஈரத் தைல வாசனைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது. விளக்கு எரிந்ததும் டீக்கடை அக்கா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மொதல்ல திட்டிர்றேன் தம்பி, அப்புறம் டீ போடுறேன். டீ குடுத்துட்டா திட்ட வாய் வராது."

கேட் மீட்டிங்

கம்பியில் கை வைக்குமுன் சப்ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்தி வாங்குவதற்கு லைன் கிளியர் என்று பெயர். வாங்கியவரே "ஆளெல்லாம் எறங்கியாச்சு" என்று திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரண்ட் விடுவார்கள். மந்திரியே கேட்டாலும் விட மாட்டார்கள், எங்கள் உயிர் அதில் இருக்கிறது.

இன்னொரு நாள் நாயுடுபுரம் லைனில் மரக்கிளை வெட்டிய ஆரோக்கியம், தனியார்மயத்தை எதிர்த்து ஆபீஸ் வாசலில் நடந்த கேட் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று ஓடி வந்துவிட்டார். லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க மறந்தே போனார். கூட்டத்துக்காகப் போனையும் அணைத்துவிட்டார். சப்ஸ்டேஷன்காரர் அவரைத் தேட, அவரோ முன்வரிசையில் "பொதுத்துறையைக் காப்போம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். சீசன் நேரம். நாயுடுபுரத்தில் பேக்கரி வைத்திருக்கும் காதர் பாய், பொங்கி வழிந்த பன் மாவைத் தட்டோடு தூக்கிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். "பொதுத்துறைய நல்லாக் காப்பாத்துங்க. மாவு புளிச்சுக் கெடக்கு, மொதல்ல வெரசா கரண்ட விடுங்க."

விசாரணை

பாய் புகாரும் கொடுத்தார். ஆரோக்கியம் ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. வேலை போனால் பென்ஷனும் போய்விடும். விசாரணையில் நான் ஆள் பற்றாக்குறை, வேலைப்பளு, உழைப்பாளர் ஒற்றுமை என்று மூச்சு விடாமல் முழங்கினேன். நடுவில் ஆரோக்கியம் எழுந்து, "என் தப்புதான் மேடம். மறந்துட்டேன்" என்று என் பேச்சையே கெடுத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விசாரணை நடத்திய பொறியாளர் அம்மா பாயைப் பார்த்து, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். பாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தண்டன குடுங்க மேடம், வேணாங்கல. வேலைய விட்டு மட்டும் எடுத்துறாதீங்க. தப்ப ஒத்துக்கிட்ட ஆள அனுப்பிட்டு, ஒத்துக்காத ஆள எங்க தெருவுக்குப் போட்டுட்டா நாங்க என்ன செய்யுறது?"

ஆரோக்கியத்துக்குச் சம்பள உயர்வு மட்டும் நின்று வேலை தப்பியதும், "சங்கத்தின் மாபெரும் வெற்றி" என்று நாங்கள் கேட்டில் எழுதி வைத்த போர்டை, பன் கொண்டு போன காதர் பாய் வண்டியை நிறுத்தி ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.