சாவி குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

புதுக் கார் விக்கிற இடத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கும். எனக்குப் பேச்சு மட்டும்தான் வேலை. திருப்பதியில ஒரு ஷோரூம். சாவியை ஓனர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி அவரை வண்டிக்குள்ள உக்கார வெச்சு, பெல்ட் எப்படி மாட்டறது, ஏர்பேக் எங்க இருக்குது, டயருக்குக் காத்து எவ்வளவு, பிரேக்ல சத்தம் வந்தா என்ன பண்றதுன்னு பத்து நிமிஷம் விளக்கிச் சொல்லணும். கேக்காத காதுக்கிட்ட பேசறது எப்பேர்ப்பட்ட பாடுன்னு வாத்தியார் வேலை பாக்கறவங்களுக்கும், பேங்க் கவுண்டர்ல உக்கார்றவங்களுக்கும், வளந்த புள்ளைங்களைப் பெத்தவங்களுக்கும் நான் சொல்லவே வேணாம். நீங்க எல்லாரும் நம்ம கட்சிதான்.

பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, குவைத்ல டிரைவர் வேலை, மெட்ராஸ் பக்கம் புதுசா வந்த ஃபேக்டரியில வேலைன்னு வீட்டுக்கு ஒருத்தர் கிளம்பிப் போன காலம் அது. அவங்க அனுப்பின பணத்துல, மீதிக்கு லோன் போட்டு, எங்க நகரி, புத்தூர் பக்கத்துத் தெருவுங்கள்ல முதல் முதலா கார் வந்து நின்னுச்சு. எங்களுது கூலிக்குப் போன குடும்பம். என் நைனா ஒரு தடவை ஷோரூம் பாக்க வந்தவரு, செருப்பை வாசல்லயே கழட்டி வுட்டுட்டு உள்ள வந்தாரு.

கண்ணைத் திறந்துக்கினே ஒரு கனவு

டெலிவரின்னா காலையிலதான், நல்ல நேரம் பாத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை பாதி பனிக்குள்ள மறைஞ்சு நிக்கும். இந்தப் பக்கம் சிகப்புத் துணி போத்திக்கினு வண்டி நிக்கும். துணியை உருவினதும் அந்தக் குடும்பத்து முகங்களைப் பாக்கணுமே! ஒரு அம்மா கதவை லேசாத் தொட்டாங்க, விரல் பட்ட தடத்தைப் பாத்துப் பதறி முந்தானையால துடைச்சாங்க. புது சீட்டு வாசனை, மல்லிப்பூ, கற்பூரம் எல்லாம் கலந்து எனக்கே சில நாள் கிறுகிறுன்னு வரும். நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருப்பேன். ஓனரு ஸ்டியரிங்கைத் தடவிக்கினே தலையாட்டிக்கினு இருப்பாரு.

சத்தியவேடு பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வந்தாரு. வாழ்நாள் பூரா அடுத்தவங்களுக்கு சீட்டு பாத்துக் குடுத்தவரு. ஸ்டெப்னி எங்க இருக்குது, ஜாக்கி எப்படிப் போடணும்னு ஒண்ணு வுடாம சொல்லி முடிச்சு, "ஏதாவது சந்தேகம் இருக்குதா சார்?"னு கேட்டேன். அப்பதான் எங்கயோ போயிருந்தவரு திரும்பி வந்த மாதிரி என்னைப் பாத்தாரு. "ஒரே ஒரு சந்தேகம்மா. இது நெஜமாவே என்னுதுதானா?"

அது வேற கார்

முனிரத்தினம் குவைத்ல ஒரு அரபி வீட்டுல பல வருஷம் டிரைவரா இருந்துட்டு, இனிமே போறதில்லன்னு ஊருக்கு வந்தவரு. சித்தூர்ல வாடகை வீடு. வந்த கையோட கார் எடுத்தாரு. கூட அவர் சம்சாரம் கஸ்தூரி. வந்தவங்க எல்லாம் காரைப் பாத்துக்கினு இருந்தாங்க. கஸ்தூரி மட்டும் அவரைப் பாத்துக்கினு இருந்தாங்க. கல்யாணமாகி இத்தினி வருஷத்துல புருஷன்னா அவங்களுக்கு போன்ல வர்ற குரல்தான். அந்தக் குரலு இப்ப ஆளா முன்னாடி நிக்குது, சட்டை போட்டுக்கினு சிரிக்குதுன்னு நம்ப முடியாத மாதிரி ஒரு பார்வை.

அவருக்கு வண்டியைப் பத்தி நான் சொல்ல என்ன இருக்குது! எனக்கே ரெண்டு சமாச்சாரம் சொல்லிக் குடுத்தாரு. பெல்ட்டுக்கு வந்தப்பதான் சிரிச்சாரு. அங்க பெல்ட் இல்லாம வண்டி கேட்டைத் தாண்டாது, போலீஸ் புடிச்சா ஃபைன், அதுக்கு மேல அரபிகிட்ட வசவு, அதனால ஒரு நாள் கூடப் போடாம ஓட்டினதில்லையாம். "அப்ப இங்கயும் போட்டுக்க வேண்டியதுதானே சார்"னேன். அவரு ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சு, கண்ணை மூடித் திறந்தாரு. "அது அவன் கார் மேடம். இது என் கார். இதுலயும் என்னைக் கட்டிப் போடறீங்களே!"

சாமியும் பலூனும்

சித்தூர்ல மாங்கூழ் ஃபேக்டரி வெச்சிருந்த ஒருத்தரு, டெலிவரிக்கு முந்தியே பித்தளைப் பெருமாள் ஒண்ணு வாங்கி, இடது பக்க டேஷ்போர்டு மேல பசை போட்டு ஒட்டிட்டாரு. சரியா ஏர்பேக் மூடி மேல. மோதினா அந்த மூடியை ஒடைச்சுக்கினு பலூன் வெளிய பாயும், மேல எது இருந்தாலும் அதைத் தூக்கி உக்காந்திருக்கறவங்க மூஞ்சியில அடிக்கும்னு சொல்லணும். எங்க? திருப்பதியில! மலையைப் பாத்த மாதிரி நின்னுக்கினு, பெருமாளை எடுங்கன்னு நான் சொல்லணும். எங்க மேனேஜர் தூரத்துல இருந்து கண்ணாலயே கும்பிடறாரு, வேணாம்மா தாயேன்னு.

சொல்லிட்டேன். அவருக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. "ஏம்மா, தேவுண்ணே தீசேயமண்டாவா?"ன்னு தெலுங்குல எகிறினாரு, சாமியையே எடுக்கச் சொல்றியான்னு. நான் பலூனைப் பத்தி மறுபடியும் ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்த அவர் சம்சாரம்தான் பிரச்சினையை முடிச்சு வெச்சாங்க, நான் சொன்ன காரணத்துக்காக இல்ல. "நடுவுல நகத்தி வைங்க. இங்க வெச்சா வழியெல்லாம் என்னையே பாத்துக்கினு இருப்பாரு; உங்களையும் கொஞ்சம் பாக்கட்டும்!"

மாமனார் உள்ளே

பின் கதவுல குழந்தைங்களுக்காக ஒரு லாக் உண்டு. போட்டுட்டா உள்ள இருந்து திறக்காது, வெளிய இருந்துதான் திறக்கணும். மாமனார் வாங்கிக் குடுத்த காரை எடுத்துக்க வந்த ஒரு புது மாப்பிள்ளைக்கு இதை விளக்கினேன். அவரு புதுப் பொண்டாட்டி பக்கம் பாத்துக்கினே "ஓகே, ஓகே"ன்னாரு. விரல் பாட்டுக்கு அந்த லாக்கைத் தட்டி விட்டிருக்குது.

திரும்பிப் போற வழியில சந்திரகிரி கோட்டைகிட்ட வண்டியை நிறுத்தி, மாமனார் பின் சீட்டுல தூங்கறாரே, எழுப்ப வேணாம்னு எல்லாரும் இறங்கிப் போயிருக்காங்க. வெயில் ஏற, மனுஷன் முழிச்சுப் பாத்தா ரெண்டு கதவும் திறக்கல, கண்ணாடியும் இறங்கல. சட்டைப் பையில இருந்த என் கார்டைப் பாத்து எனக்கு போன் பண்ணாரு. "பயப்படாதீங்க சார், முன் சீட்டுக்குத் தாண்டி வந்து அந்தக் கதவைத் திறங்க"ன்னு சொல்லிக்கினே இருக்கேன். வேட்டி கியர்ல மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சது. எனக்கு ஒரு பக்கம் படபடப்பு, ஒரு பக்கம் சிரிப்பு. கடைசியில கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு, பின்னாடியே அவர் குரலும். "காரையும் குடுத்து, அதுக்குள்ள என்னையும் அடைச்சு வெச்சுட்டீங்களேம்மா!"

பிரிக்காத பெல்ட்

இதைச் சிரிச்சுக்கினு எழுத முடியல. நான் சாவி குடுத்த வண்டி ஒண்ணு கொஞ்ச நாள்லயே லாரிக்குப் பின்னாடி கட்டி இழுத்துக்கினு எங்க வொர்க்‌ஷாப்புக்கே வந்துச்சு. முன்னாடி நசுங்கி இருந்துச்சு, ஆனா உக்கார்ற இடத்துக்கு ஒண்ணும் ஆகல. முன் கண்ணாடியில இடது பக்கம் மட்டும் தலை மோதின இடத்துல சிலந்திக்கூடு மாதிரி வெடிப்பு. ஓட்டினவரு பொழைச்சாரு. பக்கத்துல உக்காந்திருந்த அவர் அண்ணன் பொழைக்கல. அன்னிக்கு டெலிவரியில அந்த அண்ணன்தான் எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு, எனக்கு ரெண்டா குடுத்தாரு.

ரொம்ப நேரம் அந்த வண்டிகிட்டயே நின்னேன். மலை எப்பவும் போல நின்னுக்கினு இருந்துச்சு, எங்கயோ கோவிந்தான்னு கூப்பிடற சத்தம் மெதுவாக் கேட்டுச்சு, எல்லாம் தூக்கத்துல நடக்கற மாதிரி இருந்துச்சு. மெக்கானிக் ரெட்டெப்பா அண்ணன் இடது பக்கத்து பெல்ட்டை இழுத்துப் பாத்தாரு. மாட்டியிருந்தா மோதின வேகத்துல இறுகி நின்னிருக்கும், அது வழுக்கிக்கினு சுலபமா வந்துச்சு. மெதுவா அதை உள்ள விட்டுட்டு அவரு சொன்னாரு: "பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிக்கல, சுமதி."

கத்தாத வண்டி

பெல்ட் மாட்டாம ஓட்டினா வண்டி கீங் கீங்னு கத்தும். வண்டியில எதோ கோளாறுன்னு தினம் ரெண்டு பேராவது சண்டைக்கு வருவாங்க. முதல் சர்வீசுக்கு வந்த முனிரத்தினம் சண்டைக்கு வரல. சர்வீஸ் முடிஞ்சு, ஓட்டிக் காட்டச் சொல்லி நான் பக்கத்துல உக்காந்து போனேன். அவரு பெல்ட் போடல, வண்டியும் கத்தல. குனிஞ்சு பாத்தா, பெல்ட் மாட்டற வாயில வெறும் இரும்பு கிளிப்பு. கத்தாம இருக்கறதுக்குன்னே கடையில விக்கறாங்க!

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதுக்குள்ள அவரு முகமெல்லாம் மலர, கஸ்தூரி மாசமா இருக்காங்க, எத்தனையோ வருஷம் கழிச்சு தங்கின புள்ளை, வர்ற சனிக்கிழமை மலைக்கு இந்தக் கார்லயே கூட்டிக்கினு போறதா வேண்டுதல்னு சொன்னாரு. என் கண்ணு முன்னாடி அந்தக் கண்ணாடி வெடிப்பு வந்து நின்னுச்சு. குவைத்ல மலையே கிடையாது, ரோடு பலகை மாதிரி இருக்கும்னு அவரே சொல்லியிருக்காரு. இறங்கும்போது நியூட்ரல்ல விடாதீங்க, சின்ன கியர்ல போட்டு வாங்க, பிரேக்கை மிதிச்சுக்கினே இருந்தா சூடாகிப் புடிக்காமப் போயிடும்னு கெஞ்சினேன். அதெல்லாம் கேட்டுக்கினாரு. பெல்ட்டுன்னதும் என் தோளைத் தட்டாத குறையா சமாதானம் சொன்னாரு. "அது ஓட்டத் தெரியாதவனுக்கு மேடம். நீங்க வீணா பயப்படறீங்க."

சனிக்கிழமை காத்தாலே

மலை அடிவாரத்து அலிபிரிக்குப் போற வழியில முனிரத்தினமும் கஸ்தூரியும் எங்க ஷோரூம்ல டயருக்குக் காத்து பாக்க வந்தாங்க. பனி இன்னும் விலகல. நாலு டயரையும், ஸ்டெப்னியையும், பிரேக் விளக்கையும் நானே நின்னு பாக்க வெச்சேன். கஸ்தூரி முன் சீட்டுல உக்காந்து, "எனக்கு மாட்டி வுடு கண்ணு, வயித்த அமுக்காதுல்ல?"ன்னாங்க. கீழ்ப் பட்டி வயித்துக்கு அடியில, இடுப்பு எலும்பு மேல. மேல் பட்டி மார்புக்கு நடுவுல. வயித்து மேல எதுவும் வரக்கூடாதுன்னு காட்டி மாட்டினேன். அவங்க அதைத் தடவிப் பாத்துட்டு, "இதப் போயி வேணான்னியே"ன்னு அவர் பக்கம் திரும்பினாங்க. "இப்ப நீ போடு."

அவரு சிரிச்சாரு. "புள்ள உன் வயித்துலதானே இருக்குது?"ன்னு சாவியைத் திருகப் போனாரு. கஸ்தூரி அந்தச் சாவியை உருவி மடியில வெச்சுக்கினாங்க. வேண்டுதல், நேரமாச்சுன்னு அவரு என்னென்னவோ சொன்னாரு. அந்தம்மா குரலை ஒசத்தவே இல்ல, ஆனா கண்ணுல தண்ணி நின்னுச்சு. "மூஞ்சி தெரியாத போலீஸ்காரனுக்குப் பயந்துக்கினு அங்க தெனம் போட்ட. அதனால உசுரோட என்கிட்ட வந்து சேந்த. இங்க உன்னப் புடிக்க எவனும் இல்ல, நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்குப் பயந்து போடுய்யா."

அவரு அந்த இரும்பு கிளிப்பை உருவிப் போட்டாரு. டக்குனு பெல்ட் மாட்டற சத்தம் கேட்டுச்சு, வண்டி மலைப் பக்கம் கிளம்பிப் போச்சு. எத்தனையோ பாதுகாப்புச் சமாச்சாரம் வெச்சு விக்கற எங்க ஷோரூம்லயும், பக்கத்து சீட்டுல உக்கார்ற ஆளு மட்டும் ஸ்டாக் கிடையாதுங்க.