கரையில் கையாட்டியது யார்?

இன்று காலை சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கக் காரைக்காலில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் கோட்டுச்சேரி சவரிமுத்துவும் அவர் மனைவி பிலோமினாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்குச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வரப் பிள்ளைகள் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

"இந்த மாசம் ஆஃபர் ஐயா. ஜன்னல் இல்லாத ரூம் பாதி விலைதான். சாப்பாடு, பாட்டுக் கச்சேரி எல்லாம் ஒண்ணுதான்," என்றாள் கடைப் பெண்.

"வேணாம்மா. எழுபதுகள்ல நாகப்பட்டினத்துலேருந்து பினாங்குக்கு அப்படித்தான் போனேன், அடித்தட்டுல. பாய விரிச்சா எந்திரிக்க முடியாது, அடுத்தவன் படுத்துடுவான். கப்பல் கெளம்புனதக்கூட நான் பாக்கல," என்றார் சவரிமுத்து.

பிலோமினா மெதுவாகத் திரும்பினார்.

"நான் கரையில நின்னு கையாட்டுனத மேலேருந்து பாத்தேன்னு சொன்னீங்களே?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "நீ வருத்தப்படுவியேன்னு சொன்னேன்."

"பொய்யின்னு அன்னைக்கே தெரியும்ங்க. நான் எங்க நின்னேன்? கைப்புள்ள வெயில்ல வீறிட்டுச்சு. தூரத்துல கடல்ல நின்ன கப்பல்கிட்ட உங்க படகு போறதுக்குள்ள பஸ் ஏறிட்டேன். ஆசையாச் சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்."

சவரிமுத்து கடைப் பெண்ணிடம், "பால்கனி ரூமே போடும்மா," என்றார்.

இந்த முறை இருவருமே கப்பலில் இருப்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் நின்று கையாட்டத்தான் ஆள் இல்லை. நான் போகலாம் என்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள். வெயிலுக்குப் பயந்து பாதியில் பஸ் ஏறுகிறவர்கள் வேண்டாம்.