கதவு வைக்காத அறை

பட்டம் என்பது அவனுடைய பெயரல்ல. ஆள் ஒல்லி, காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் என்று கம்ப்யூட்டர் சென்டரில் கூட இருந்த சிநேகிதன் வைத்த பட்டப்பெயர். அந்த நாளில் இருவரும் ஒருவரையொருவர் ‘மச்சான், மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தச் சிநேகிதன் பட்டத்தின் தங்கையையே கட்டிக்கொண்டதில் வாய்ச்சொல் பலித்துவிட்டது. பெயர் வைத்தவன் உயர உயரப் போனான். பட்டம் என்று பெயர் வாங்கியவன் தரையிலேயே கிடந்தான். பெயர் ராசியை நம்புகிறவர்கள் அவனை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். பிரிண்டர், பழைய மானிட்டர், காகிதம் மென்று துப்பும் ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் அவனிடம் வரும். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் “சின்ன ஃபால்ட்தான்” என்றுதான் சொல்வார்கள். டோனர் கறுப்பு அவன் நகக்கண்ணை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அப்பா அம்மா இல்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், பிறகு தள்ளிவிடுவதற்கும் ஆளில்லாமல் நின்றுபோனது. சொந்தம் என்று இருப்பது தங்கை ஒருத்திதான்.

தங்கை நல்லவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்வாள், சட்டை எடுத்துத் தருவாள். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் அவளுக்கு வழக்கமாக ஒரு வசனம் உண்டு. “எங்கண்ணனுக்கு எதைக் கொடுத்தாலும் ரிப்பேர் பண்ணிடுவான். சொந்தமா ஒண்ணு பண்ணத்தான் தெரியாது. அந்த மூளை எல்லாம் இவருக்குத்தான்” என்று புருஷனைக் காட்டுவாள். பாசத்தில் சொல்வதுதான். பாசத்தில் சொல்வது என்பதால் திருப்பிச் சொல்லவும் முடியாது. பட்டம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் சொந்தமாக அவன் ஒன்றைச் செய்திருந்தான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி ஆட்டம் இருந்தது. திரையின் அடியில் ஒரு துப்பாக்கி முனை மட்டும் தெரியும். நடக்க நடக்கச் சுவர்கள் திரும்பும், மூலைக்கு மூலை பிசாசு நிற்கும், சுட்டுக்கொண்டே வெளியேறும் வழியைத் தேட வேண்டும். சென்டரில் பாடம் முடிந்ததும் எல்லோரும் அதில் விழுவார்கள். மெஷின் துடைக்கிற வேலையில் இருந்த பட்டம் மட்டும் பின்னால் நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த ஆட்டத்துக்கு ஒரு லெவல் எடிட்டர், அதாவது ஆடுவதற்குப் புது இடங்களை நாமே கட்டும் புரோகிராம், கிடைத்தது. கட்டடத்தை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கோடு கோடாக வரைய வேண்டும். எங்கே எவ்வளவு உயரம், எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னால், வரைந்தது அப்படியே நடந்து போகக்கூடிய இடமாக எழுந்து நிற்கும்.

அப்பா ஊர்க் குடிநீர் பம்பு நிலையத்தில் மோட்டார் ஆபரேட்டர். சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுத்ததில் பட்டத்துக்கு அந்த இடம் அத்துப்படி. கீழே இறங்கும் இரும்புப் படி, வரிசையாக நிற்கும் மோட்டார்கள், ஆள் உயர வால்வுச் சக்கரம், ஒரே ஒரு துவாரம் வழியாக வெளிச்சம் விழும் நிலத்தடித் தொட்டி. அப்பா இறந்த வருஷம் அதையெல்லாம் அவன் எடிட்டரில் கட்டினான். அழுகையை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. தங்கை பம்பு நிலையத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

மச்சானிடம் மட்டும் காட்டினான். மச்சானுக்கு இங்கிலீஷ் வரும், இன்டர்நெட் இருக்கும் இடம் தெரியும். பார்த்தவன் வாயைப் பிளந்தான். “நெட்ல ஏத்திடலாம் மச்சான், உலகமே ஆடும்” என்றான். பேர் போடலாமா என்று பட்டம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “சுவத்துல பேரெல்லாம் எழுதுனா சின்னப் பசங்க பண்ணது மாதிரி இருக்கும். கூட ஒரு குறிப்பு வைப்போம்ல, அதுல போட்டுக்கலாம்” என்றான். குறிப்பில் போட்டான்தான், தன் பெயரை. ‘ஆக்கியவர்’ என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். பட்டம் கேட்டபோது சிரித்தான். “நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன? நமக்குள்ள என்ன மச்சான்?”

அந்த லெவலை எங்கெங்கேயோ இருந்தவர்கள் ஆடினார்கள், புகழ்ந்தார்கள். அதைக் காட்டித்தான் மச்சானுக்கு முதல் வேலை கிடைத்தது. அந்த வேலையைக் காட்டித்தான் பெண் கேட்டு வந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளை என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கல்யாணமான பிறகு பட்டம் வாயைத் திறந்தால் உடைவது தங்கையின் வீடு. திறக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் மச்சான் கடை வாசலில் காரை நிறுத்தி, ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான். பழைய ஆட்டங்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். அந்த லெவலை அந்தக் காலத்து மெஷினிலேயே, அந்தக் காலத்து எடிட்டரிலேயே திறந்து காட்டச் சொல்லி மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

“எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சு மச்சான். நீதான் செட் பண்ணித் தரணும். உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.”

மறப்பதற்கு அவன் என்றைக்கு எடிட்டரைத் திறந்தான்? பட்டம் அதைக் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவன் வாயில் கடைசியாக எப்போது வந்தது என்று அவனுக்கே நினைவில்லை. “தங்கச்சி வருதா?” என்று மட்டும் கேட்டான்.

“வராம? முதல் வரிசையில சீட்டு போட்டிருக்காங்க.”

அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய மெஷினை இழுத்துத் தூசி தட்டினான். போர்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சுரண்டி எடுத்து வேறு போட்டான். டாஸ் ஏறியது. எடிட்டரைக் கூப்பிட்டால் மெமரி போதவில்லை என்றது. மெஷின் கிளம்பும்போது தானாக வந்து உட்காரும் டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி விட்டான். சிடி டிரைவர் போனது, மவுஸ் டிரைவரை மேல் மெமரிக்கு ஏற்றினான். அடுத்தபடி எடிட்டர் ஆட்டத்தின் மூல ஃபைல் எங்கே என்று கேட்டது. சுவருக்குச் செங்கல், தரைக்கு இரும்பு, பிசாசுக்கு முகம் எல்லாம் அந்த ஃபைலுக்குள்தான். எடிட்டர் வெறும் கொத்தனார், சாமான் கொடுத்தால்தான் கட்டும். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து இடத்தைக் காட்டினான். கறுப்புத் திரையில் கட்டங்கள் விரிந்தன, மவுஸ் அம்பு நகர்ந்தது. கண்காட்சிக்காரர்கள் நெட்டிலிருந்து இறக்கிக் கொடுத்திருந்த லெவலைத் திறந்தான். கூடவே அந்தக் குறிப்பும் இருந்தது. ஆக்கியவர் பெயரைப் படிக்காமல் மூடினான்.

பிறகு, முழு வரைபடத்தையும் திரைக்குள் அடக்கிக் காட்டும் கீயை அமுக்கினான். படி, மோட்டார் அறை, தொட்டி எல்லாம் சுருங்கி ஒரு மூலைக்குப் போயின. அவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, கீழ் மூலையில், அது இருந்தது.

சுவரில் பெயர் எழுத வேண்டாம் என்று மச்சான் சொன்ன மறுநாள் அவன் யாருக்கும் தெரியாமல் கட்டிய தனி அறை. கதவு கிடையாது, வழி கிடையாது. ஆடுகிறவன் தலைகீழாக நின்றாலும் உள்ளே போக முடியாது. ஆட்டத்தின் மேப்பில்கூடத் தெரியாதபடி ஒவ்வொரு கோட்டுக்கும் ‘காட்டாதே’ என்று குறித்து வைத்திருந்தான். எடிட்டரில் திறந்து மேலேயிருந்து பார்ப்பவனுக்கு மட்டும் தெரியும், அறையின் சுவர்களே எழுத்துகள் என்று. ப, ட, ட, ம. மெய்யெழுத்துகளின் மேல் புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டிச் சதுரத் தூண்கள். எடிட்டரில் நேர்கோடுதான் போட வரும். நல்லவேளை, அவன் பட்டப்பெயரில் வளைவு என்று இருந்தது ம-வில் மட்டும்தான், அதைச் சதுரமாக மடக்கிவிட்டான். அ, இ என்று ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்கே கைவிட்டிருப்பான்.

இத்தனை வருஷமாக உலகம் முழுக்க அந்த ஃபைலோடு அவன் பெயரும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டம் கடைக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று வேறொன்று வந்தது. மேடையில் பெரிய திரை. முதல் வரிசையில் தங்கை. அவன் வாயே திறக்க வேண்டாம். ஒரு கீயை அமுக்க வேண்டியவன் மச்சான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் தன் கையாலேயே சோற்றைத் தள்ளிக் காட்டட்டும்.

ஒத்திகைக்கு மச்சான் வந்தபோது பட்டம் மோட்டார் அறையை மட்டும் பெரிதாக்கி வைத்துச் சொல்லிக்கொடுத்தான். இது கோடு, இது கதவு, இது பிசாசு. கடைசியில் சொன்னான்: “எல்லாம் காட்டி முடிச்சதும் இந்தக் கீயை அமுக்கு. முழு லெவலும் தெரியும். கை தட்டுவாங்க.”

“நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் மச்சான்” என்றான் அவன். பட்டத்துக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது.

கண்காட்சி அரங்கு நிறைந்திருந்தது. பட்டம் மேடை ஓரத்தில், பழைய மெஷினின் படத்தைப் பெரிய திரைக்கு அனுப்பும் பெட்டிக்குப் பக்கத்தில், ஆடினால் விட்டுப்போகும் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் மைக்கைப் பிடித்தால் விடுவானா? நன்றாகவே பேசினான். நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டாள்: “சார், எல்லாரும் அரண்மனை, விண்வெளின்னு பண்ணின காலத்துல நீங்க ஏன் பம்பு நிலையம் பண்ணீங்க?”

“என் மாமனார் வேலை பார்த்த இடம்” என்றான் மச்சான். குரல் இறங்கியது. “நான் மாப்பிள்ளை ஆகறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார். அந்த வீட்டுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? எனக்குத் தெரிஞ்சது இதுதான். அவருக்காகக் கட்டினேன்.”

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பட்டத்துக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அப்பாவையுமா? தூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இவனா இறங்கினான்? கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று கை பரபரத்தது. பொறு, கீயை அமுக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மச்சான் அமுக்கினான்.

மோட்டார் அறை சுருங்கி மேலே போனது. பெரிய திரையின் கீழ் மூலையில் எழுத்துகள் வந்து நின்றன. அரங்கில் சலசலப்பு. யாரோ வாய்விட்டுப் படித்தார்கள், “பட்டம்”. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு அந்தப் பெயரைச் சொல்வதைப் பட்டம் பார்த்தான். அவன் இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

“சார், அது என்ன? யார் பேரு?” என்றாள் அந்தப் பெண்.

மச்சான் திரையைப் பார்த்தான். பிறகு ஓரத்தில் இருந்த பட்டத்தைப் பார்த்தான். நெற்றியில் வேர்த்தது தெரிந்தது. அப்புறம், மெல்ல, அவன் சிரித்தான்.

“பிடிச்சுட்டீங்க” என்றான். “இதை நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை, என் மனைவிகிட்டகூட. பட்டம் என் மச்சான். அதோ, ஓரமா உட்கார்ந்திருக்கானே, அவன்தான். நான் ராத்திரி பகலா இதை வரைஞ்சப்போ மெஷினைத் துடைச்சுக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, கூடவே நின்னவன். கூச்ச சுபாவம். வெளிய தெரியற மாதிரி பேர் போட்டா கோவிச்சுக்குவான். அதனாலதான் கதவே வைக்காம, யாரும் தொட முடியாத இடத்துல வச்சேன்.”

அவன் சொன்ன விதத்தில், அப்படித்தான் நடந்ததோ என்று பட்டத்துக்கே ஒரு கணம் தோன்றியது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. விளக்கைத் திருப்பி அவன்மேல் போட்டார்கள். கேபிளைப் பிடித்த கையோடு கண் கூசி உட்கார்ந்திருந்தான். இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது கூண்டில் ஏறி எதிராளிக்காகச் சாட்சி சொல்லிவிட்டது. இனி அவன் எதைச் சொன்னாலும், இவ்வளவு பாசம் வைத்த மனிதனைப் பொறாமையில் பேசுகிறான் என்றுதான் கேட்பவர்கள் சொல்வார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் போலிருக்கிறது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் மச்சான் மேடையை விட்டு இறங்கி வந்து காதோரம் குனிந்தான். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லவேளை, சமாளிச்சுட்டேன்.” குரலில் கோபமே இல்லை. ஏதோ இருவரும் சேர்ந்து ஓர் ஆபத்திலிருந்து தப்பித்த மாதிரி இருந்தது. பட்டத்தால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

தங்கை ஓடி வந்தாள். முகமெல்லாம் ஈரம். அப்பா போனதிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் பார்த்ததில்லை.

“பார்த்தியாண்ணா? உனக்காகவும் அப்பாவுக்காகவும் பண்ணிட்டு, இத்தனை வருஷமா மூச்சு விடலை பாரு இவரு.” அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இவரை மனசுக்குள்ள கறுவிக்கிட்டே இருந்தது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஞாயித்துக்கிழமை வந்து, அவர் முகத்தைக்கூடப் பார்க்காம சாப்பிட்டுப் போவே. இப்பவாவது புரிஞ்சுதா? ஒரு தேங்ஸ் சொல்லுண்ணா அவருக்கு.”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அவள் அவன் கையை இன்னும் விடவில்லை. மச்சான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தேங்ஸ் மச்சான்” என்றான் பட்டம்.

“சேச்சே” என்று அவன் தோளில் தட்டினான் மச்சான். “நமக்குள்ள என்ன?”