சந்தனம் பூசிய ரம்பம்

ஓசூர்த் தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரித்தே ஓய்வு பெற்றவன் நான். இப்போது தளிப் பக்கம் என் தைலமரத் தோப்பில் குடியிருக்கிறேன். மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பம் ஒன்று வைத்திருக்கிறேன். அதை என்னைவிட அதிகம் உபயோகிப்பவன் அடுத்த வீட்டிலிருக்கும் என் மனைவியின் தம்பி.

ஆயுத பூஜைக்கு முன்னால் அதைப் பிரித்தேன். செயின் ஓடும் நீளத் தகட்டை, அதாவது பாரைக் கழற்றி, விளிம்புப் பள்ளத்தில் இறுகிக் கிடந்த மரத்தூளை வழித்தெடுத்தேன். செயினுக்கு எண்ணெய் வரும் துளையைக் கம்பியால் குத்திவிட்டேன். ஒரே பக்கம் தேயாமலிருக்க, பாரைப் புரட்டி மாட்டினேன்.

மச்சான் வந்து நின்றான்.

"கம்பெனில லேத்துக்கெல்லாம் பூஜை போடறாங்க. இது மட்டும் அனாதையா மாமா?"

"பொட்டை இன்ஜின் மூடி மேல வை. பாரைத் தொடாத."

"சரிங்க மாமா, அதுக்கும் ஒரு புரொசீஜரா?"

சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான்.

அடுத்த வாரம் காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில், மரம் முறிந்து அவன் மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. அடியில் சினைப்பசு. உயிர் இருந்தது, கதறிக்கொண்டிருந்தது. கூடியவர்களால் அடிமரத்தை அசைக்க முடியவில்லை. மச்சான் ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். பாதியிலேயே புகை வந்தது, செயின் இறுகி நின்றது. என்னைக் கூப்பிட ஓடி வந்தான்.

போய்ப் பிரித்துப் பார்த்தேன். பார் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பூஜையன்று கழற்றிக் குளிப்பாட்டி, இரண்டு பக்கமும் சந்தனத்தை அப்பி மாட்டியிருக்கிறான். அது காய்ந்து எண்ணெய்த் துளையையும் பள்ளத்தையும் அடைத்துவிட்டது. கருகினாலும் வாசனை என்னவோ கோயில் வாசனைதான்.

சுரண்டினேன். துளையைத் திறந்தேன். செயினைத் தளர்த்தி, மறுபடி பூட்டி, கொட்டகைச் சுவரில் எண்ணெய் தெறிக்கிறதா என்று பார்த்தேன். தெறித்தது. அறுத்தோம். ஆனால் நான் சுரண்டிக்கொண்டிருந்தபோதே கதறல் நின்றுவிட்டிருந்தது.

கட்டையை உருட்டியதும் மச்சான் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"பூஜை போட்டும் இப்படி ஆயிருச்சே மாமா. யாரு கண்ணு பட்டுச்சோ!"

பக்கத்துத் தோட்டக்காரர் அதையே கன்னடத்தில் ஆமோதித்தார். அழுகிறவனிடம் எண்ணெய்த் துளையைப் பற்றி என்ன பேசுவது?

மறுநாள் ரம்பம் என் வாசலுக்குத் திரும்பி வந்தது. திருஷ்டி கழிய, செயின் பல்லில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தான். சாறு பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடியும் பாரைக் கழற்ற உட்கார்ந்தேன்.